தனியாக வக்கீல் ஆபீஸ் போடப் போகிறாளாம்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே "மாமா, காப்பி ஆச்சா?" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் நுழைவான். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக வந்து என் எதிரே உட்கார்ந்தான். முகமே சரியில்லை.

விஷயம் இதுதான். அவன் மகள், எனக்குப் பேத்தி முறை, காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படித்தவள். ரெண்டரை வருஷமாக ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். இப்போது அங்கிருந்து வெளியே வந்து தனியாக ஆபீஸ் போடப் போகிறாளாம். வீட்டு முன் அறையைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள்.

"பத்து வருஷமாவது சீனியர்கிட்ட இருந்தாத்தான் தொழில் வரும்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. இல்லேன்னா ஏதாவது கவர்மெண்ட் பரீட்சை எழுதட்டும். நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா. அத்தனை வருஷம் கவர்மெண்ட்ல இருந்தவரு நீங்க."

சரி, அனுப்பு, பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பேசவும் செய்தேன். ஆனால் அவன் நினைத்த மாதிரி பேசவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் சட்டம் படித்த பிள்ளையோ பேத்தியோ இருக்கும். அதனால் என் அபிப்பிராயத்தை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பிரெஞ்சில் பிரெவே வரை படித்து, 34 வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ரெத்ரேத் வாங்குகிறவன். ஆனால் இலாகா கேஸ் கட்டுகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கும் அரசு வக்கீல் ஆபீசுக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். பெரிய வக்கீல் ஆபீஸ், சின்ன வக்கீல் ஆபீஸ், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்ட ஆபீஸ் எல்லாவற்றிலும் பெஞ்சில் உட்கார்ந்து காத்துக் கிடந்தவன். எந்த ஆபீஸ் நிற்கும், எது நிற்காது என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

முதலில் இந்தப் பத்து வருஷக் கணக்கு. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. பார் கவுன்சிலில் பதிவாகி, அகில இந்தியப் பார் தேர்வும் எழுதித் தேறிவிட்டால் அவள் முழு வக்கீல்தான். அந்தக் காலத்தில் பத்து வருஷம் சீனியரிடம் இருந்தார்கள் என்றால், பின்னால் வீட்டு வாடகையோ நிலத்துக் குத்தகையோ வந்துகொண்டிருந்திருக்கும். இப்போது அப்படியா? ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. நம் புதுச்சேரியும் அதில் அடக்கம். எத்தனை ஆபீசில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஜூனியர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பேத்திக்குக் கிடைத்தது வண்டிக்குப் பெட்ரோல் காசு. தீபாவளிக்கு ஒரு புடவை. சீனியர் நல்ல மனுஷர், நன்றாகச் சொல்லிக் கொடுத்தார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபத்தாறு வயதுப் பெண் அப்பாவிடம் கை நீட்டிக்கொண்டு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் "போடு ஆபீஸ்" என்றுதான் சொன்னேன். ஆனால் கூடவே ஒன்று கேட்டேன். "உன் சீனியரிடம் சட்டம் கற்றுக்கொண்டாய், சரி. அவருடைய குமாஸ்தாவிடம் என்ன கற்றுக்கொண்டாய்?"

விழித்தாள்.

இதுதான் என் அபிப்பிராயத்தின் சாரம். ஒரு வக்கீல் ஆபீசில் பிராது எழுதுவது, குறுக்கு விசாரணை, ஜட்ஜ் முன்னால் எப்போது பேசுவது, எப்போது வாயை மூடுவது, இதெல்லாம் சீனியரிடம் இருக்கும். ஜூனியர் அதைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்வார். ஆனால் கட்சிக்காரன் கொண்டுவந்த தாள் எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்கு எந்தக் கெடு முடிகிறது, நகல் மனு போட்டது என்றைக்கு, வாங்கின பணத்தில் ஸ்டாம்புக்குப் போனது எவ்வளவு என்பதெல்லாம் குமாஸ்தாவின் தலையிலும் அவருடைய நீளநோட்டிலும் இருக்கும். ஜூனியர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டவருக்கு அது கௌரவக் குறைச்சல். தனியாக ஆபீஸ் போடும் அன்றைக்குத்தான் தெரியும், இனி நாமேதான் குமாஸ்தா என்று. சட்டம் தெரியாததால் மூடின ஆபீசை நான் பார்த்ததில்லை. தாளும் தேதியும் காசும் தாறுமாறாகி மூடினதைப் பார்த்திருக்கிறேன்.

என் சொந்தக் கதையைச் சொன்னால்தான் புரியும். ஆளைச் சொல்ல மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் வாங்கிய வீடு ஒன்று இருந்தது. நொத்தேர் எழுதிக் கொடுத்த பத்திரம். கெட்டிக் காகிதம், சாய்ந்த கையெழுத்து, மேலே முத்திரை. சின்ன வயதில் அப்பா அதை எடுத்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். வீட்டில் பிரெஞ்சு சரளமாகப் படிக்கிறவன் நான்தான் என்று அவருக்குப் பெருமை. 1987ல் பெரியப்பா பிள்ளைகளுடன் பாகப் பிரிவினைத் தாவா வந்தது. வக்கீல் கேட்டார் என்று அந்தப் பத்திரத்தை ஒரு துணிப்பையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீசில் ஒரு தபால் வந்தால்கூட நம்பர் போட்டு, எதிராளி கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். ஆனால் தாத்தாவின் பத்திரத்தைக் கொடுத்தபோது ரசீது கேட்கத் தோன்றவில்லை. வக்கீலிடம் போய் ரசீது கேட்பதா என்ற கூச்சம். அவரும் கொடுக்கவில்லை.

ஆறு வருஷம் நடந்து சமாதானமாக முடிந்தது. கேஸை நன்றாகத்தான் நடத்தினார், பீசும் நியாயமாகத்தான் வாங்கினார். பத்திரத்தைத் திருப்பிக் கேட்டபோது, "கட்டுல இருக்கு சார், தேடித் தர்றேன்" என்றார். நாலைந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். பிறகு நானும் விட்டுவிட்டேன். வீடு நம்மிடம் இருக்கிறது, பத்திரம் எங்கே போய்விடப் போகிறது என்ற அலட்சியம். அவர் திடீரென்று மாரடைப்பில் காலமானார். மகன் வேறு வேலையில் வெளியூரில். ஆபீஸ் வாடகை இடம். காலி பண்ணும்போது சட்டப் புத்தகங்களை யாரோ ஒரு வக்கீலுக்குக் கொடுத்தார்களாம், கட்டுகளைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டார்களாம். எனக்குத் தெரிந்தது ஏழெட்டு மாதம் கழித்து.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2004ல் என் தம்பி, மகள் கல்யாணத்துக்காகத் தன் பாகத்தின் பேரில் பாங்கியில் கடன் கேட்டான். பாங்கி வக்கீல் தாய்ப் பத்திரம் எங்கே என்றார். நொத்தேர் முறையில் மூலப் பத்திரம் நொத்தேரிடமே தங்கிவிடும், நமக்குத் தருவது அத்தாட்சி பெற்ற பிரதிதான். ஆக, தேடினால் இன்னொரு பிரதி எடுக்கலாம். ஆனால் எந்த நொத்தேர், எந்த வருஷம், எந்தத் தேதி? அந்த விவரம் இருந்ததும் அந்தத் தாளில்தான். எங்களில் யாரும் குறித்து வைக்கவில்லை. கல்யாணத் தேதியோ நெருங்கிவிட்டது. தம்பி தன் பாகத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த விலைக்குக் கொடுத்தான். "பத்திரம் இல்லாத வீடு" என்று சொல்லிச் சொல்லியே அவர் விலையைக் குறைத்தார். அதற்கப்புறம் தம்பி அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. என்னிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் சட்டம் சொன்னாள். கட்சிக்காரர் பீஸ் பாக்கி வைத்திருந்தால்கூட வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2000ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளவில்லையே! அவருக்கு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு எந்தத் தீர்ப்பு?

"தாத்தா, அப்ப நான் என்னதான் பண்ணணும்?" என்றாள்.

சீனியர் ஆபீசில் இன்னும் ரெண்டு மாதம் இரு. மத்தியானத்தில் அந்தக் குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அந்த மனுஷர் முதலில் சந்தேகப்பட்டாராம், பிறகு சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தாராம். இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்து கேட்ட முதல் வக்கீல் நீதான் என்றாராம்.

அவரிடமிருந்து அவள் கற்றதில் ஒன்று சொல்கிறேன், எனக்கே புதிது. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஜில்லா கோர்ட்டுக்கு என்றால் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். ஆனால் தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாட்களை அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு நகல் மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் கையில் இருக்க வேண்டும். இந்தக் குமாஸ்தா அதற்கென்றே தனி நோட்டு வைத்திருக்கிறார். அதேபோல், கட்சிக்காரர் வராமல் ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால் அதை நீக்கக் கேட்க 30 நாள். அந்த முப்பதில் ஒரு நாள் தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு, தனிச் செலவு, ஜட்ஜிடம் தனித் திட்டு. வாய்தாத் தேதியை எழுதுகிற டைரியை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். கெடுத் தேதியை எழுதுகிற டைரி இருக்கிறதா என்று பார்த்தால் ஆபீசின் தரம் தெரிந்துவிடும். இப்போது போனிலேயே ஈகோர்ட்ஸ் ஆப்பில் 16 எழுத்து எண் ஒன்றைப் போட்டால் கேஸ் என்ன நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று வந்துவிடுகிறது. உங்களுக்குக் கேஸ் இருந்தால் வக்கீலிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆப் வாய்தாவைச் சொல்லும், கெடுவைச் சொல்லாது.

அடுத்தது காசு. இங்கே நான் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கட்சிக்காரர் ஒரு பத்தாயிரம் கொடுக்கிறார். அதில் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு இருக்கிறது, டைப் செலவு, நோட்டீஸ் செலவு இருக்கிறது, மிச்சம் வக்கீல் பீஸ். எது எவ்வளவு? பெரும்பாலும் யாரும் பிரிப்பதில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறார்கள். மாதக் கடைசியில் வீட்டு மளிகைக்கு அதிலிருந்து போகிறது. ஸ்டாம்பு வாங்கவேண்டிய நாள் வரும்போது பை காலி. அப்போது தாவா "ரெடியாயிட்டே இருக்கு". இப்படித்தான் நல்ல வக்கீலும் பொய் சொல்ல ஆரம்பிக்கிறார். பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது: கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், பீசுக்கு வாங்கினதா செலவுக்கு வாங்கினதா என்று எழுத வேண்டும், வழக்கு நடக்கும்போது செலவுக்கு வாங்கினதை எழுத்தில் சம்மதம் இல்லாமல் பீசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலும் தர வேண்டும். பேத்தி இதைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறாள். ஆனால் யாராவது செய்து பார்த்திருக்கிறாளா என்றால் இல்லை.

பிரான்சில் இதை வக்கீலின் நல்ல மனசுக்கு விட்டுவைக்கவில்லை. அங்கே கட்சிக்காரருக்குச் சேர வேண்டிய பணம் வக்கீலின் சொந்தக் கணக்கில் நுழையவே முடியாது. கார்ப்பா என்று ஒன்று, வக்கீல்களே சேர்ந்து நடத்துகிற பணப் பெட்டி. அது வழியாகத்தான் போக வேண்டும். பாரீசில் 1957ல் ஆரம்பித்தது, பிறகு நாடு முழுக்கக் கட்டாயம். பீஸ் எவ்வளவு, எதற்கு என்று கட்சிக்காரருடன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பதையும் 2015லிருந்து அநேகமாக எல்லா வழக்குக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். தனியாக ஆபீஸ் நடத்தும் வக்கீல் இறந்துபோனால் அந்த ஊர் வக்கீல்களின் தலைவர், பத்தோனியே என்பார்கள், உடனே வேறொரு வக்கீலை அந்த ஆபீசைப் பார்த்துக்கொள்ள நியமிப்பார். கட்டுகள் பழைய பேப்பர்க்காரனிடம் போகாது. பிரெஞ்சுக்காரன் செய்ததெல்லாம் உசத்தி என்று சொல்கிறவன் இல்லை நான். அவன் காலத்துக் கோணலும் எனக்குத் தெரியும். ஆனால் இதை மட்டும் நம் ஊருக்கு விட்டுப் போயிருக்கலாம் என்று நினைப்பதுண்டு.

இங்கே கார்ப்பா இல்லை என்பதற்காக நாம் சும்மா இருக்க வேண்டுமா? பாங்கியில் ரெண்டாவது கணக்கு ஒன்று ஆரம்பிக்க யாரையும் கேட்க வேண்டாம். கட்சிக்காரர் பணம் அதில், பீஸ் இதில். நீ திடீரென்று படுத்துக்கொண்டால் உன் கட்டுகளை யார் எடுத்துப் பார்ப்பார் என்று ஒரு சிநேகிதி வக்கீலின் பேரை இப்போதே எழுதி வை, அவளுக்கு நீ, உனக்கு அவள். இருபத்தாறு வயதில் சாவைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று என் மனைவி சமையலறையிலிருந்து அதட்டினாள். சாவு வேண்டாம், டைபாய்டு என்று வைத்துக்கொள் என்றேன்.

மருமகனுக்கு வேறு கவலை. போர்டு பெரிதாக இருக்க வேண்டும், மகள் போட்டோவோடு பிளெக்ஸ் வைக்க வேண்டும், "குடும்ப வழக்கு நிபுணர்" என்று போட வேண்டும். அவளே சிரித்துவிட்டாள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. பெயர்ப் பலகை அளவோடு இருக்க வேண்டும், இன்ன வழக்கில் நிபுணர் என்று அதில் எழுதக் கூடாது, முன்னாள் ஜட்ஜ் என்றுகூட எழுதக் கூடாது. இதெல்லாம் விதி. நம் ஊரில் காது குத்துக்கே தெருவை அடைத்துப் பிளெக்ஸ் வைக்கிற பழக்கத்தில் அவனுக்கு இது ரொம்ப வருத்தம்.

முன் அறை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேஜை, ரெண்டு பூட்டுப் போட்ட பீரோ, ஸ்கேன் எடுக்கிற பிரிண்டர், இன்வெர்ட்டர். கட்சிக்காரர் உட்கார முதுகு சாய்கிற நாற்காலி போடச் சொன்னேன், பெஞ்சு வேண்டாம். வயதானவர்கள் வருவார்கள். நடுவில் ஒரு மரத் தடுப்பும் வேண்டும். புருஷன் அடித்ததைச் சொல்ல வருகிற பெண், அடுத்த நாற்காலியில் கேட்டுக்கொண்டிருக்கிறவர் முன்னால் எப்படிச் சொல்வாள்?

சீனியரைப் பற்றியும் ஒன்று. வெளியே வரும்போது அங்கிருந்து ஒரு கட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு வராதே, கட்சிக்காரரைக் கூப்பிடவும் கூப்பிடாதே என்றேன். அவர்களாக வந்தால், முதல் வக்கீலின் சம்மதக் கையெழுத்து வாங்கி வரச் சொல், விதியும் அப்படித்தான். இந்த ஊர் சின்ன ஊர். கடலூர் ரோட்டுக் கோர்ட் வளாகத்தில் காலையில் நடந்தது சாயங்காலம் காய்கறிக் கடையில் தெரியும்.

அவளுக்கு உள்ளூர இருக்கிற பயம் வேறு. சட்டமே மாறிக்கொண்டிருக்கிறதே என்று. 2024 ஜூலை 1லிருந்து குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிது. காலேஜில் மனப்பாடம் பண்ணின 302 இப்போது 103, 420 இப்போது 318. "நான் படிச்சதெல்லாம் வீணாப் போச்சு தாத்தா" என்றாள். நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். இங்கே 1838லேயே பிரெஞ்சுக்காரர்கள் சட்டப் பள்ளி வைத்தார்கள். அந்த முறையில் படித்து, பிரெஞ்சில் வாதாடின அவொக்காக்களுக்கு 1962க்குப் பிறகு என்ன ஆயிற்று? மேல்முறையீடு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. 1963 அக்டோபரில் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது, 1968ல் சிவில் நடைமுறைச் சட்டமும் வந்தது. செக்‌ஷன் நம்பர் மட்டுமா மாறியது, பாஷையே மாறியது. நாற்பது, ஐம்பது வயதில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படித்து மறுபடி கோட்டுப் போட்டவர்களை நான் பையனாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். சிலர் ஒதுங்கிவிட்டார்கள், அதுவும் உண்மை. உனக்கு நம்பர் மட்டும்தானே மாறியிருக்கிறது?

தைரியத்துக்கு இன்னொருவரையும் சொன்னேன். நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873ல் இந்த ஊர்க் கோர்ட்டுக்கு வெள்ளைக்கார வக்கீல்களைப் போல ஷூ போட்டுக்கொண்டு போனார். நம் ஆட்கள் ஷூவோடு கோர்ட்டில் நுழையக் கூடாது என்று ஜட்ஜ் தடுத்தார். அவர் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1881ல் வந்த ரெனோன்சான் இயக்கத்துக்குத் தலைவரானதெல்லாம் தனிக் கதை, அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஜட்ஜ் எதிரே தனி ஆளாக நிற்கிறவருக்குத் தன் கட்டு சரியாக இருக்கிறது என்ற நிச்சயம் வேண்டும். அது இருந்ததால்தான் பாரீஸ் வரை போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் கேஸ் எங்கிருந்து வரும்? ஆரம்பத்தில் வராது. இலவச சட்ட உதவிக்குப் பட்டியலில் பேர் கொடுக்கலாம், காசு கம்மி, கோர்ட்டில் எழுந்து நிற்கிற பழக்கம் வரும். அதோடு நான் ஒரு யோசனை சொன்னேன். இந்த ஊரில் பழைய வீடு எதை எடுத்தாலும் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பத்திரம் இருக்கிறது. ரெனோன்சான் குடும்பங்களின் சொத்து, கல்யாணம், வாரிசு விஷயத்தில் பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் பேசப்படுகிறது. பிரெஞ்சுக் குடியுரிமைக்காக எதா சிவில் தாள்களைத் தேடி அலைகிறவர்கள் எத்தனையோ பேர். இதை நேராகப் படித்துப் புரிந்துகொள்கிற இளம் வக்கீல்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டு அவர் சொல்வதை நம்பித்தான் வழக்கு நடக்கிறது. என் வயதுக்காரர்கள் போய்விட்டால் அந்தக் கையெழுத்தைப் படிக்கவே ஆள் தேட வேண்டும். நான் சொல்லித் தருகிறேன், வாரம் மூன்று நாள் சாயங்காலம் வா என்றேன். வருகிறாள். வினைச்சொல்லைக் கண்டால் ஓடுகிறாள், ஆனால் பத்திர பாஷை பழகிவிட்டது. நிபுணர் என்று போர்டில் எழுத முடியாதே தவிர, ஊரில் வாய்க்கு வாய் பரவாமலா போகும்?

மருமகன் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறான். "நீங்களும் அவளோட சேந்துட்டீங்களே மாமா" என்றான். முன் அறையை மட்டும் கொடுத்துவிட்டான். மூன்று வருஷம் பார்ப்போம், வரும்படி இல்லையென்றால் பரீட்சைதான் என்று கெடு வைத்திருக்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்தவன். அவள் ஜெயிப்பாள் என்று நான் அவனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறந்தாள். ஆர்ப்பாட்டமில்லை, விளக்கேற்றிச் சுண்டல் கொடுத்தார்கள். நான் ரெண்டு பவுண்டு நோட்டு வாங்கி, சிவப்பு மையில் கோடு போட்டுக் கொண்டுபோனேன். ஒன்று தாள் வரவு, பற்று. இன்னொன்று காசுக்கு. என் உயிலை எழுதவேண்டிய வேலை ரொம்ப நாளாகக் கிடக்கிறது. அதையே முதல் வேலையாகக் கொடுத்தேன். வீட்டுப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள், பிரிண்டரில் வைத்துப் பிரதி எடுத்தாள், ஒரிஜினலைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் தாத்தா. வேணும்னா கேக்கறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, ஒரிஜினல் திரும்பப் பெற்றுக்கொண்டேன்னு."

போட்டேன். பீஸ் எவ்வளவு என்றேன். "உங்ககிட்டயா?" என்றாள். சொந்தக்காரனுக்கு இலவசம் என்று ஆரம்பித்தால் இந்த ஊரில் பாதிப் பேர் உனக்குச் சொந்தக்காரர்கள்தான், எழுது என்றேன். யோசித்து ஆயிரம் ரூபாய் என்றாள். அதில் பீஸ் எழுநூறு, டைப், ஜெராக்ஸ் செலவுக்கு முந்நூறு என்று பிரித்து எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். நம்பர் 1. எல்.ஐ.சி. தாள்கள் வைத்திருக்கிற பைலில் வைத்திருக்கிறேன். செலவில் மிச்சம் நூற்றுப் பத்து ரூபாய் இருக்கிறதாம், உயில் முடிந்ததும் கணக்கோடு தருகிறேன் என்று நேற்றுப் போன் பண்ணினாள்.